பதில்: முதல் சலவையிலேயே அலையலையாகிப்போன குயில்ட்

சகோதரி, பேத்திக்காக மேலே புடவைத் துண்டுகள், நடுவில் பழைய ஃப்ளீஸ் போர்வை, அடியில் புது ஃப்ளானல் வைத்துத் தைத்த குயில்ட், அதாவது அடுக்குப் போர்வை, ஒரே சலவையில் சுருங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தையலில் குறை இல்லை. ஃப்ளானல் மெத்தென்ற பருத்தித் துணி, சாதாரணக் காட்டனைவிட அதிகமாகச் சுருங்கும். ஃப்ளீஸ் பாலியஸ்டர், அசையாது. ஒன்று இழுக்க இன்னொன்று விறைத்து நின்றால் இப்படித்தான்.

இனிமேல் ஃப்ளானலை வெட்டும் முன்பே வெந்நீரில் இரண்டு தடவை துவைத்துக் காயப்போடுங்கள். ஓரத்தில் நூல் பிரியும், அதனால் தையலுக்கு அரை அங்குலம் விடுங்கள். ஃப்ளீஸ் அகலவாட்டில் நீளும். இழுக்காமல் பரப்பி, முதலில் கையால் ஓட்டுத்தையல் போடுங்கள், மெஷினில் தையல் நீளம் 3 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் ஃப்ளீஸ் உருகிவிடும். எனக்கு ஒரு போர்வை அப்படித்தான் போனது.

அதெல்லாம் சரி, கீழக்கரையில் ஃப்ளீஸ் எதற்கு? நானும் அதே கடற்கரையில் மண்டபம் ஊர்க்காரிதான். ஐப்பசி மழையிலும் நமக்குப் புழுக்கம் விடுவதில்லை, ஃப்ளீஸ் வியர்வையையும் உறிஞ்சாது. நடுவில் ஃப்ளானல், அடியில் பழைய வேட்டி போதும். துவைத்துத் துவைத்து அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியிருக்கும்.

பேத்திக்கு ஒரு வயதாகும்வரை தூங்கும்போது போர்த்தாதீர்கள். தரையில் விரித்து விளையாட விடலாம்.

இப்போது கெட்டதையும் எறிய வேண்டாம். தையலைப் பிரித்து ஃப்ளீஸை எடுத்துவிடுங்கள். சுருங்கிய ஃப்ளானலைச் சுற்றிப் புடவைக் கரையை ஒட்டுப்போட்டால் அளவு வந்துவிடும்.