பிரசவம் முடிந்து தாய்வீடு போனால் மிட்வைஃப் வருவாரா?

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். கொட்டாஞ்சேனையில் பதிந்திருக்கிறோம். பிள்ளை பிறந்ததும் வத்தளையில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவோம். மிட்வைஃப் அங்கு வந்து பார்ப்பாரா?

பதில்: சொல்லி வைத்தால் வருவார். மிட்வைஃப் எனப்படும் ஒவ்வொரு குடும்ப நல உத்தியோகத்தருக்கும் எல்லை வகுத்த ஒரு பிரிவு உண்டு. கர்ப்பிணி அட்டையில் கொட்டாஞ்சேனை முகவரி இருக்க, தாயும் பிள்ளையும் வத்தளையில் இருந்தால், கொட்டாஞ்சேனை மிட்வைஃப் பூட்டிய வீட்டைத் தட்டுவார். வத்தளை மிட்வைஃபுக்கோ விஷயமே தெரியாது. வீணாகப் போவது முக்கியமான முதல் 10 நாட்கள். அந்த நாட்களுக்குள் அவர் இரண்டு முறை வர வேண்டும், பிறகு 14ஆம் நாளுக்கும் 21ஆம் நாளுக்கும் இடையில் ஒரு முறை, 42ஆம் நாளளவில் இன்னொரு முறை.

ஆகவே இப்போதே கொட்டாஞ்சேனை மிட்வைஃபிடம் வத்தளை முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போதும் அதே முகவரியைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே வத்தளை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கு ஒருவர் போய், கர்ப்பிணி அட்டையையும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் காட்டட்டும்.

மிட்வைஃப் வரும்வரை பிள்ளையின் தொப்புளில் பவுடர், எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் போதும். பிள்ளைக்குக் கொத்தமல்லித் தண்ணீரும் வேண்டாம். சின்ன வயிறு அதிலேயே நிறைந்துவிடும், பிள்ளை குறைவாகக் குடிக்கும், பால் சுரப்பதும் குறையும். மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால்வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்க எழும்பாவிட்டாலோ, மிட்வைஃபுக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 அம்புலன்சுக்குக் காசு இல்லை.

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறேன். கர்ப்பிணிகளுக்கான போஷாக்குக் கொடுப்பனவு கிடைக்குமா?

பதில்: அரச கிளினிக்கில் பதிந்தால்தான். டொக்டரை மாற்றத் தேவையில்லை. கொழும்பில் பலர் இரண்டு இடத்திலும் காட்டுகிறார்கள். 2015இல் மாதம் 2,000 ரூபா வீதம் 10 மாதங்களுக்குத் தொடங்கிய திட்டம் இது. தொகை பிறகு கூட்டப்பட்டது. பிந்திப் பதிந்தால் முன்னைய மாதங்கள் கைவிட்டுப் போகலாம் என்பதால், கர்ப்பம் உறுதியானவுடன் போய்விடுங்கள். திரிபோஷா சத்துமாவும் அதே கிளினிக்கில்தான்.

அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வேறு விஷயம். அது குடும்பத்தின் நிலையைப் பார்த்துக் கொடுப்பது. பிள்ளை பிறந்ததற்கென்று தனித்தொகை இல்லை. ஆனாலும் பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் குடும்பத்தில் ஒருவர் கூடியதைப் பிரதேச செயலகத்தில் பதிந்து வையுங்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் புடைவைக் கடையில் வேலை. இது மூன்றாவது பிள்ளை என்பதால் 42 நாள்தான் லீவு என்கிறார் முதலாளி. சரியா?

பதில்: இல்லை. அது பழைய சட்டம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாட்கள், முழுச் சம்பளத்தோடு. வாராந்த விடுமுறையும் போயாவும் அந்த 84இல் சேரா. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது. லீவுக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பிரதியொன்றில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். நியமனக் கடிதம் தராத கடைகள் நிறைய. அப்படியானால் சம்பளச் சிட்டையும் ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கூற்றும் நீங்கள் அங்கு வேலை செய்ததற்குச் சாட்சி.