மரவில் டில்லரிங்: முதல் வில் செய்கிறவர்களின் கேள்விகள்

வந்திருக்கும் கேள்விகளில் முக்கால்வாசி டில்லரிங் பற்றியவைதான். வில்லின் மேல் கையும் கீழ் கையும் (பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் பகுதிகள்) சீராக வளையும்படி மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக் குறைக்கிற வேலை அது. பதில்களில் 'வயிறு' என்று வருவது எய்பவரைப் பார்த்த பக்கம், 'முதுகு' என்பது இலக்கைப் பார்த்த பக்கம். சுரண்டுவதெல்லாம் வயிற்றில் மட்டும்தான். முதுகில் மரத்தின் இழை அறுபடாமல் நுனியிலிருந்து நுனிவரை ஓட வேண்டும், அதனால் அங்கே அரம் படக்கூடாது.

பலகையில் வில் வடிவம் வெட்டி, நுனிகளில் நாணுக்குக் காடியும் எடுத்துவிட்டேன். நேராக நாண் ஏற்றிப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் தரையில் அழுத்திப் பாருங்கள். ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, மேல் நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வில்லின் பிடியை அழுத்தினால் கீழ்ப்பகுதி எப்படி வளைகிறது என்று தெரியும். அப்புறம் தலைகீழாகத் திருப்பி வில்லின் அடுத்த கை. இரண்டும் ஒரே பலத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு வளைகிறவரை இதிலேயே இருங்கள்.

அதற்குப் பிறகு தளர்வான நீள நாண். வில்லைவிடக் கொஞ்சம் நீளமான கயிற்றை மாட்டி, சில அங்குலம் மட்டும் இழுத்துப் பார்க்க. இதில் ரொம்ப நாள் தங்கவேண்டாம். தொங்குகிற நாண் இழுக்கிற கோணம் வேறு, அதில் அழகாகத் தெரிகிற வில் உண்மையான நாணில் வேறு மாதிரி தெரியும். நுனிகள் ஏழெட்டு அங்குலம் சிரமமில்லாமல் வளைந்தால், பிடிக்கும் நாணுக்கும் இடையே இரண்டு மூன்று அங்குலம் மட்டும் இருக்கும்படி தாழ்வாக நாண் ஏற்றலாம். வளைவு சீரானதும் படிப்படியாக ஐந்தாறு அங்குலத்துக்கு உயர்த்திக்கொள்ளுங்கள்.

28 அங்குல இழுப்பில் 40 பவுண்டு வேண்டும். இப்போது 20 அங்குலத்திலேயே தராசு 40 காட்டுகிறது. முழுசாக ஒரு தடவை இழுத்து எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிடட்டுமா?

பார்க்காதீர்கள். இழுப்பு என்பது இழுத்த நாண் பிடியிலிருந்து நிற்கும் தூரம், வில்லின் எடை என்பது அங்கே நாணைப் பிடிக்கத் தேவையான பலம். 20 அங்குலத்தில் 40 என்றால் 28இல் 60ஐத் தாண்டிவிடும். நீங்கள் செய்ய நினைப்பது 40 பவுண்டு வில். அந்த மரத்துக்கு 60 பவுண்டு அழுத்தம் ஒரு தடவை கொடுத்தாலும் வயிற்றுப் பக்க இழைகள் நசுங்கும். நசுங்கிய இழை திரும்ப நிமிராது. இலக்கு எடையைக் காட்டியதும் இழுப்பு அங்கேயே நிற்க வேண்டும். சுரண்டினால் அதே 40 பவுண்டு 21 அங்குலத்தில் வரும், பிறகு 22இல். எடை மாறாமல் இருக்க, இழுப்பு மட்டும் ஊர்ந்து முன்னேறுகிறது. டில்லரிங் முழுக்க நடப்பது இதுதான்.

'அப்படியானால் இன்னும் நிறைய மரம் எடுக்கணுமே' என்று இழைப்புளியைத் தூக்கிவிடாதீர்கள். கையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறி இறங்குகிறது. 14 மி.மீ. தடிமனை 12 ஆக்கினால் விறைப்பு 100க்கு 63 ஆகக் குறைந்துவிடும். உங்கள் 60 சொச்சம் பவுண்டு 40க்கு வர அந்த 2 மி.மீ. போதும். 12இலிருந்து வெறும் அரை மி.மீ. எடுத்தால் எட்டில் ஒரு பங்கு போய்விடும், 40 பவுண்டு வில்லுக்கு அது 5 பவுண்டு. அகலம் அப்படியில்லை, பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். அதனால் இறுதி எடையைத் தொடுகிற நேரத்தில் பக்கவாட்டில் லேசாகச் சீவுவது பாதுகாப்பான வழி. கடைசி உப்புத்தாள் வேலையும் எடையைத் தின்னும், ஆகவே இலக்குக்கு இரண்டு மூன்று பவுண்டு மேலேயே சுரண்டலை நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேல் கையில் நடுவுக்குச் சற்று மேலே ஓரிடத்தில் மட்டும் கதவுக் கீல் மாதிரி மடிகிறது. அந்த இடத்தை எப்படிச் சரிசெய்வது?

அந்த இடத்தை ஒன்றும் செய்யக்கூடாது. இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மடிகிற இடம் ஏற்கெனவே மெலிந்துவிட்டது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது, ஆகவே மற்ற இடங்களை அதன் அளவுக்கு இறக்கி வர வேண்டும். முதலில் நாணைக் கழற்றுங்கள். மடிகிற பகுதி முழுவதும், இரு பக்கமும் ஓர் அங்குலம் தாண்டி, பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிடுங்கள். சுரண்டும்போது உங்கள் கை தானாக அங்கே போகும், கிறுக்கல் அழியத் தொடங்கினால் உடனே தெரிந்துவிடும்.

விறைப்பான இடங்களைக் கண்ணால் கண்டுபிடிக்க ஆரம்பத்தில் வராது. அதற்கு ஒரு எளிய கருவி செய்துகொள்ளலாம். ஒரு சாண் நீள நேரான மரத்துண்டு, நடுவில் துளை, அதில் இறுக்கமாக ஒரு பென்சில். நாண் ஏற்றிய வில்லின் வயிற்றில் இந்தக் கட்டையை வைத்தால் இரண்டு முனைகளும் மரத்தைத் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். அதிகமாக வளைகிற இடத்தில் வைத்து, பென்சில் முனை மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறபடி சரிசெய்யுங்கள். இப்போது கட்டையை அந்தக் கை நெடுக நகர்த்தினால், வளைவு குறைவான இடங்களில் பென்சில் கோடு போட்டுக்கொண்டே போகும். கோடு விழுந்த இடம்தான் சுரண்ட வேண்டிய இடம். பிடியும் அதை ஒட்டிய சரிவும் விறைப்பாகவே இருக்க வேண்டியவை, அங்கே விழுகிற கோட்டைப் பொருட்படுத்தாதீர்கள்.

கோடு மறைகிற அளவுக்குச் சுரண்டியதும், ஏற்கெனவே இழுத்திருக்கும் எல்லைவரை 20, 30 தடவை மெதுவாக இழுத்து விடுங்கள். மரம் தன் மாற்றத்தை உடனே காட்டாது. இந்தப் பயிற்சி கொடுக்காமலேயே 'இன்னும் விறைப்பாத்தான் இருக்கு' என்று மறுபடி சுரண்டுகிறவர்களின் வில்லில்தான் அடுத்த கீல் பிறக்கும்.

இப்படிச் சரிசெய்தால் எடை குறையும், அதைத் தவிர்க்க முடியாது. 40க்குப் போட்ட திட்டம் 30இல் முடியலாம். வில்லில் நீளம் மிச்சம் இருந்தால் இரண்டு நுனியிலும் ஓர் அங்குலம் வெட்டிக் காடியை உள்ளே தள்ளலாம், கொஞ்சம் எடை திரும்பும். ஆனால் பிடி வளையாத வில்லுக்கு 28 அங்குல இழுப்பில் 66 அங்குல நீளமாவது மிஞ்ச வேண்டும். 30 பவுண்டு வில் நன்றாகவே எய்யும், முதல் வில்லுக்கு அது போதும் என்பது என் கருத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: கீல் கண்ணில் பட்ட அந்த அங்குலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். 14 அங்குலத்தில் தெரிந்த குறையை 14 அங்குலத்திலேயே தீர்த்துவிட்டுத்தான் 15. இழுத்துப் பார்த்தால் தானாகச் சரியாகும் என்று நம்பி உடைந்த வில்கள் ஏராளம்.

முழு வளைவு எப்படி இருக்க வேண்டும்? படத்துக்குப் படம் வேறுபடுகிறதே.

வில்லின் வெட்டைப் பொறுத்தது. பிடியிலிருந்து நுனிவரை அகலம் நேர்கோட்டில் குறுகி, தடிமன் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் ஒவ்வொரு கையும் வட்டத்தின் துண்டு போல் வளையலாம். அகலம் பாதிக்கு மேல் ஒரே அளவாகப் போய், தடிமன் நுனியை நோக்கிக் குறைகிற வில்லில், மெலிந்த வெளிப்பகுதி கொஞ்சம் அதிகமாக வளைய வேண்டும். மெல்லிய மரம் அதிக வளைவைத் தாங்கும், தடித்த மரம் தாங்காது. எந்த வில்லிலும் கடைசி ஐந்தாறு அங்குலம் கிட்டத்தட்ட நேராக இருப்பது நல்லது.

சுவரில் மாட்டி இழுக்கும்போது போனில் ஒரு படம் எடுத்துவிட்டு உடனே தளர்த்திவிடுங்கள். பார்ப்பதைப் படத்தில் பாருங்கள். வளைத்த நிலையில் நிறுத்தி வைத்துக்கொண்டு யோசித்தால் மரம் களைத்துவிடும்.

நாண் ஏற்றினால் மேல் கை கொஞ்சம் அதிகமாக வளைந்தது போலத் தெரிகிறது. தவறா?

தவறில்லை. நாணுக்கும் கைக்கும் உள்ள இடைவெளி, பிடியிலிருந்து ஒரே தூரத்தில் அளந்தால், மேல் கையில் 3 முதல் 6 மி.மீ. அதிகமாக இருப்பது வழக்கம். அம்பு வில்லின் நடுவுக்குச் சற்று மேலே உட்காருகிறது, கீழ் கைக்குச் சுமை கூடுகிறது, அதனால் அது கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம். கீழ் கை அதிகம் வளைந்தால் வில்லைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். எது மேல் என்று நீங்கள் இன்னும் மரத்துக்குச் சொல்லவில்லையே!

நாணைக் கழற்றிய பிறகும் வில் இரண்டு அங்குலம் வளைந்தே நிற்கிறது.

கழற்றிய உடனே இரண்டு அங்குலம், ஒரு மணி நேரம் கழித்து ஒன்று என்றால் நிம்மதியாக இருங்கள். மரவில் கொஞ்சம் வளைவைப் பிடித்துக்கொள்ளவே செய்யும். மூன்று அங்குலத்துக்கு மேல் நிலைத்துவிட்டால் காரணம் தேட வேண்டும். வளைவு எந்த இடத்தில் நிலைத்திருக்கிறதோ அந்த இடம் அளவுக்கு மீறி உழைத்திருக்கிறது என்று அர்த்தம். பிடியை ஒட்டியே நிலைத்திருந்தால் உள்பகுதி மெலிவு. கை முழுக்கச் சீராக நிலைத்திருந்தால் மரம் காயவில்லை, அல்லது கேட்கிற எடைக்கு அகலம் போதவில்லை.

மரத்தின் ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் டில்லரிங் தொடங்க வேண்டும். ஈரமானி இல்லாவிட்டால் சமையல் தராசு போதும். சில நாளுக்கு ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள், எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

வயிற்றில் தலைமுடி அளவுக் குறுக்குக் கோடுகள். முதுகின் ஓரத்தில் ஒரு சிம்பும் எழுகிறது. எது ஆபத்து?

சிம்பு. வயிற்றுக் கோடுகள் இழை நசுங்கியதன் தடம். அதைச் சுற்றியுள்ள இடங்களைச் சுரண்டிச் சுமையைப் பகிர்ந்துவிட்டால் இழுப்பைக் குறைத்துக்கொண்டு அந்த வில்லோடு காலம் தள்ளலாம். முதுகில் சிம்பு எழுந்தால் இழுப்பதை அந்த நிமிடமே நிறுத்துங்கள். சின்னதாக இருந்தால் மெல்லிய சூப்பர் குளூவை உள்ளே ஊறவிட்டு, காய்ந்ததும் நூலால் இறுக்கிச் சுற்றலாம். பெரிதாக இருந்தால், இழை ஓரத்தில் அறுபட்டு வெளியே ஓடுகிற பலகையாக இருக்கும், அதை எய்கிற வில்லாக நினைக்கவே வேண்டாம். அடுத்த வில்லில் முதுகின் ஓரக் கூர்மையை முதல் நாளே நன்றாக உருட்டிவிடுங்கள், சிம்பு கிளம்புவது பெரும்பாலும் அந்தக் கூரிலிருந்துதான்.

இழுத்துப் பார்க்கும்போது நாணில் கயிறு கட்டி, கப்பி வழியாகத் தள்ளி நின்று இழுப்பதும், கண்ணாடி போட்டுக்கொள்வதும் வில் உடைந்து தெறித்தால் அடிபடாமல் இருக்கத்தான். அம்பில்லாமல் நாணை விடுவது எந்த நிலையிலும் கூடாது.

எந்தக் கருவி?

வடிவத்துக்கு ராஸ்ப் (பெரிய பற்கள் உள்ள மர அரம்), தரையில் அழுத்திப் பார்க்கும் கட்டத்துக்கு அரம், நாண் ஏறிய பிறகு ஸ்கிரேப்பர் (மெல்லிய சுரண்டு தகடு) மட்டும். கத்தியின் அலகைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினாலும் வேலை நடக்கும். மின்சார சாண்டர் (உப்புத்தாள் இயந்திரம்) வேண்டாம், எவ்வளவு எடுத்தோம் என்று தெரிவதற்குள் மி.மீ. போயிருக்கும்.

பாதி டில்லரிங்கில் நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. மரம் கெட்டிருக்குமா?

நாண் கழற்றி, படுக்கையாக, வெயிலும் ஈரமும் படாமல் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்சி என்ற பனிமனித உடலோடு இருந்த யூ மர வில்லும் முடிக்கப்படாததுதான். சுமார் 1.8 மீட்டர் நீளம், செதுக்கிய தடங்கள் இன்னும் அப்படியே தெரிகின்றன. திரும்பத் தொடங்கும்போது விட்ட அங்குலத்திலிருந்து நேராக இழுக்காதீர்கள். மரத்தை எடை போட்டுப் பாருங்கள், கூடியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது, உலர்ந்த அறையில் சில வாரம் வையுங்கள். பிறகு தரையில் அழுத்துவதிலிருந்து ஆரம்பித்து, பத்து அங்குலம்வரை இழுத்து மரத்தைப் பழக்கிவிட்டு, பழைய எல்லைக்குப் போகலாம்.