30,000 கி.மீ. சர்வீஸுக்கு 16,700 ரூபாயா?

கேள்வி: கோவையில் இரண்டரை வருடமாக எலக்ட்ரிக் கார் ஓட்டுகிறேன். 30,000 கி.மீ. சர்வீஸுக்கு டீலர் தந்த எஸ்டிமேட் 16,700 ரூபாய்: ஜெனரல் சர்வீஸ் கூலி 2,000, கேபின் ஃபில்டர் 750, பிரேக் ஃப்ளூயிட் 1,400, கூலன்ட் மாற்ற 3,600, பிரேக் கிளீனிங் 1,200, அலைன்மென்ட், பேலன்சிங் 1,500, ஏசி கிருமிநீக்கம் 1,600, அண்டர்பாடி கோட்டிங் 4,200, கன்ஸ்யூமபிள்ஸ் 450. இன்ஜினே இல்லாத காருக்கு இவ்வளவு ஆகுமா? எதை வேண்டாம் என்றால் வாரண்டி போகாது?

பதில்: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஃபேன் பெல்ட் எதுவும் உங்கள் காரில் இல்லை. பெட்ரோல் கார் பில்லில் டீலருக்கு வருமானம் தருபவை அவைதான். அந்த இடத்தை நிரப்பக் கோட்டிங்கும் கிருமிநீக்கமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. உங்கள் பில்லில் இவை இரண்டும் மட்டும் 5,800 ரூபாய்.

முதலில் ஓனர்ஸ் மேனுவலில் உள்ள பராமரிப்பு அட்டவணையை எடுத்து, 30,000 கி.மீ. வரிசையைப் பாருங்கள். ‘பார்வையிடு’, ‘மாற்று’ என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். வாரண்டிக்குக் கணக்கு அந்த அட்டவணைதான். அதில் இல்லாத வேலையை மறுத்ததற்காக வாரண்டி போகாது.

பிரேக் ஃப்ளூயிடை மறுக்காதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்தில் மாற்றுவது நல்லது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ரீஜென் (மோட்டாரே காரை மெதுவாக்கி, அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்புவது) இருக்கும்போது பிரேக் எங்கே சூடாகப் போகிறது என்று தோன்றும். ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு குன்னூர் வழியாக இறங்கிப் பாருங்கள். நிறைந்த பேட்டரியில் மின்சாரத்தைத் திருப்பிவிட இடமில்லாததால் ரீஜென் குறைந்துவிடும், முழுப் பாரமும் பேடும் டிஸ்க்கும்தான் தாங்கும்.

பிரேக் கிளீனிங்கையும் மறுக்காதீர்கள். ரீஜெனால் பேட் அதிகம் தேய்வதில்லை என்பதே இங்கே பிரச்சினை. அதிகம் பயன்படாத டிஸ்க்கில் துருப் பிடிக்கும், பேடை அழுத்தும் காலிப்பரை நகரவிடும் ‘பின்’ இறுகும், ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும். பின்னைக் கழற்றித் துடைத்து அதற்கான கிரீஸ் வைத்தார்களா என்று கேளுங்கள். வெறுமனே ஸ்பிரே அடித்துவிட்டு 1,200 வாங்கினால் அது வேலையில்லை.

பேட்டரியைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில்தான் கவனம் வேண்டும். பல மாடல்களில் அதை மாற்ற இன்னும் காலம் இருக்கும். அட்டவணை ‘பார்வையிடு’ என்றால் 3,600 மிச்சம். ஆனால் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மூடிய சுற்றில் கூலன்ட் தானாகக் குறையாது, எங்கோ கசிகிறது. சில கார்களுக்கு மின்கடத்தும் திறன் குறைந்த தனி வகை தேவை, கடையில் கிடைப்பதை ஊற்றக்கூடாது. மாற்றவேண்டிய முறை வந்துவிட்டால் கூலி அதிகம் என்று சண்டை போடவும் வேண்டாம். ஸ்கேனரால் பம்பை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற நேரம் பிடிக்கும். காற்று தங்கினால் குளிரூட்டல் குறைந்து ஃபாஸ்ட் சார்ஜிங் மந்தமாகும்.

அண்டர்பாடி கோட்டிங்கைக் கண்டிப்பாக மறுக்கலாம். கீழே இருப்பது பேட்டரிப் பெட்டி. அதில் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வு இருக்கும். கறுப்புப் பூச்சு அதை அடைத்தால் தொல்லை உங்களுக்கு. அதற்குப் பதிலாக, கார் லிஃப்டில் ஏறும்போது கூடவே நின்று பெட்டியின் அடியில் நசுக்கல் இருக்கிறதா, ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள்களை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏசியில் நாற்றம் இல்லையென்றால் கிருமிநீக்கம் வேண்டாம். கேபின் ஃபில்டரை உங்கள் காரில் டாஷ்போர்டுக்குப் பின்னால் கையாலேயே மாற்ற முடியுமா என்று மேனுவலில் பாருங்கள். கன்ஸ்யூமபிள்ஸ் என்றால் என்ன பொருள் என்று கேளுங்கள். பிரேக் வேலைக்கான கிரீஸும் கிளீனரும் என்றால் ஏற்கெனவே 1,200-க்குள் வந்துவிட்டது. அலைன்மென்ட்டை வெளியே டயர் கடையிலும் செய்யலாம், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் எடையாலும் மோட்டாரின் உடனடி இழுவையாலும் டயர் சீக்கிரம் தேயும், 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள்.

கூலன்ட் அட்டவணையில் இல்லை என்று வைத்துக்கொண்டால் அதோடு கோட்டிங், கிருமிநீக்கம், கன்ஸ்யூமபிள்ஸ் சேர்த்து 9,850 கழிகிறது. மிஞ்சுவது 6,850.

ஜெனரல் சர்வீஸ் கூலியாகத் தரும் 2,000-க்கு ஈடாக இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, பேட்டரி ஆரோக்கியச் சதவீதம் உள்ள ஸ்கேன் ரிப்போர்ட்டின் அச்சுப்பிரதி. நாளைக்குப் பேட்டரி வாரண்டி கோரும்போது அதுதான் சாட்சி. இன்னொன்று, காரின் கணினிகளை எழுப்பும் சின்ன 12 வோல்ட் பேட்டரியின் சோதனை. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நலம், சார்ஜ் ஏற்றிய பிறகும் 12.2-க்குக் கீழே போனால் மாற்றத் தயாராகுங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இது படுத்தால் கார் ஸ்டார்ட் ஆகாது.

மாற்றிய பொருள்களைத் திருப்பித் தரவேண்டும் என்று காரை விடும்போதே ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.