பாசறைக்கு மகனை அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, தரம் 7 படிக்கிறான். பாடசாலைச் சாரணர் குழுவில் சேரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஓகஸ்ட் விடுமுறையில் இரண்டு இரவுப் பாசறையும் இருக்கிறதாம். “அதெல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்கு, நமக்குக் கட்டாது” என்கிறார் கணவர். எனக்கு மழை, அட்டை, இரவுக்குளிர் இவைதான் பயம். படிப்பும் கெடுமோ? என்னென்ன வாங்கவேண்டும்?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அன்பின் சகோதரி, சேர்த்துவிடுங்கள். கொழும்புப் பிள்ளைகளின் விஷயம் என்று நினைக்கும் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: இலங்கையில் சாரணர் இயக்கம் 1912இல் தொடங்கியதே மாத்தளையில்தான். மலையகத்துக்கு இது இரவல் சொத்து இல்லை.

செலவைப் பார்ப்போம். சீருடையை இப்போதே தைக்கக் கொடுக்காதீர்கள். புதிதாகச் சேரும் பிள்ளை சில மாதம் பயிற்சிக்குப் போய், சாரணர் வாக்குறுதியையும் சட்டத்தையும் கற்று, அங்கத்துவச் சின்னம் பெற்ற பிறகுதான் முழுச் சீருடை அவசியமாகும். அதற்குள் அவனுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மேல்வகுப்பு அண்ணன்மாருக்குச் சிறுத்துப்போன சீருடை கிடைக்குமா என்று சாரண ஆசிரியரிடம் கேளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இப்போதைக்கு வாங்க வேண்டியது சுண்டுவிரல் தடிப்பில் 3 மீட்டர் பருத்திக் கயிறு மட்டும். நைலோன் வேண்டாம், வழுக்கும், பழகும் கைக்கு முடிச்சு நிற்காது.

அந்தக் கயிற்றில் அவன் முதலில் பழகப்போவது ரீஃப் முடிச்சு. வலக்கை நுனியை இடக்கை நுனியின் மேலாகப் போட்டு, அடியால் நுழைத்து இழுக்கவேண்டும். இப்போது அந்த நுனி இடப்பக்கம் வந்திருக்கும். அதே நுனியையே மறுபடி மற்றதின் மேலாகப் போட்டு, அடியால் நுழைத்து இறுக்கவேண்டும். சரியாக வந்தால் முடிச்சு தட்டையாகப் படுத்திருக்கும், ஒவ்வொரு நுனியும் தன் கயிற்றை ஒட்டியே திரும்பி வரும். இரண்டாம் தடவை மற்ற நுனியை மேலே போட்டுவிட்டால் நுனிகள் குறுக்கே துருத்திக்கொண்டு நிற்கும். அந்த முடிச்சு இழுக்க இழுக்க வழுக்கும். பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது இந்த இடத்தில்தான். கைக்கட்டுத் துணி கட்டவும் விறகுக்கட்டு கட்டவும் ரீஃப் முடிச்சு நல்லது. ஆள் தொங்கவோ பாரம் தூக்கவோ இரண்டு கயிற்றை இதால் இணைக்கவே கூடாது, அவிழ்ந்துவிடும். இதை முதல் நாளிலேயே அவன் மனதில் பதியவையுங்கள்.

உங்கள் மகனுக்கு ஒன்றில் முன்னிலை உண்டு. மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிய குச்சி) கொண்டு அடுப்பெரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். பாசறையில் மழைக்குள் தீமூட்டுவது அதே வித்தைதான். நனைந்த மிலாற்றின் வெளித்தோலில்தான் ஈரம் அதிகம். பெருவிரல் தடிப்புள்ள குச்சியைப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். ஈரமண்ணில் நேரே தீ வைத்தால் மண்ணின் ஈரம் ஆவியாகி எழுந்து அணைத்துவிடும், ஆகவே முதலில் குச்சிகளை வரிசையாக அடுக்கி ஒரு மேடை. அதன்மேல் தீக்குச்சி தடிப்பில் சீவியவை ஒரு கைப்பிடி, பிறகு பென்சில் தடிப்பில் இரண்டு கைப்பிடி. பெருவிரல் தடிப்புக்கு அவசரப்படக் கூடாது. தீ அணைவது பெரும்பாலும் பெரிய விறகை முந்திப் போட்டு, காற்றுப் போக இடமில்லாமல் அடைத்துவிடுவதால்தான். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். இதை வீட்டு அடுப்பில் உங்கள் முன்னாலேயே இரண்டு தடவை செய்யவிடுங்கள்.

பாசறைக்கு முன் நீங்கள் செய்யவேண்டிய மிகப் பெரிய வேலை, சாரண ஆசிரியரை நேரில் பார்ப்பது. கூட எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள், இடம் எது, பெற்றோர் சம்மதக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இடத்தை மாற்றுவீர்களா, ஒத்திவைப்பீர்களா என்றும் கேளுங்கள். ஓகஸ்டில் நம் பக்கம் தென்மேற்குப் பருவமழை இன்னும் ஓயாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பார்க்காமல் செங்குத்தான சரிவுக்கு அடியில் கூடாரம் போடுவதாக இருந்தால் மகனை அனுப்பாதீர்கள். ஆற்றங்கரையோ இன்னும் ஆபத்து. மேல் கொத்மலை அணை போன்ற அணைகளுக்குக் கீழே, வானம் தெளிந்திருக்கும்போதுகூட வான்கதவு திறந்தால் தண்ணீர் சட்டென்று ஏறும். அங்கே குளிக்க இறங்கவே கூடாது. இடி மின்னலுக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரவேண்டும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்பவர் நல்ல தலைவர்.

அட்டைக்குப் பயப்படாதீர்கள். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் ஏறாது. கடித்தால் நெருப்பு, உப்பு வேண்டாம். வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடும். ஒடுங்கிய பக்கத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளினால் பிடி விடும், பிறகு தடித்த பக்கம். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். சொறியக் கூடாது, அதுதான் புண்ணாகும். குளவி வேறு கதை: அடிக்கப் போகாமல், முகத்தை மூடிக்கொண்டு வேகமாக விலகி ஓடவேண்டும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம் வந்தால் உடனே 1990 அம்பியூலன்ஸ்.

குளிர் மேலிருந்து வருவதைவிட நிலத்திலிருந்துதான் அதிகம் ஏறும். இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு வெறும் பாயில் படுத்தால் நடுங்குவான். அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் தடிப்பான அட்டைப்பெட்டித் தாள், பிறகு பாய். ஒரு சோடி காலுறையை இரவுக்கென்றே காயவைத்துப் பொலித்தீனில் சுற்றிவைக்கட்டும். பை கனக்கக் கூடாது. 35 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 7 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

படிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பயிற்சி வழக்கமாக வாரத்தில் ஒரு நாள்தான். டியூஷன் அதே நாளில் வந்தால் டியூஷன் நேரத்தை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். ஜனாதிபதி சாரணர் விருதுவரை போக ஆசைப்பட்டால், சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்முன் பெரும்பகுதி வேலையை முடிக்க இந்த வயதில் சேர்வது நல்லது.

பையை நீங்கள் அடுக்காதீர்கள், அவனே அடுக்கட்டும். புறப்படும் முந்திய இரவு விளக்கை அணைத்துவிட்டு, “டோர்ச்சை எடு” என்று சொல்லுங்கள். தேடித் துழாவினால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். டோர்ச்சும் மழைக்கோட்டும் மேல்பக்கத்தில் இருக்கவேண்டும்.