மரபுக் கட்டடப் பாதுகாப்பில் வேலை: கேள்வி பதில்

கேள்வி: பி.ஆர்க். முடிக்கப் போகிறேன். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறைக்கு வர அடுத்து என்ன படிக்கலாம்?

பதில்: டெல்லி எஸ்.பி.ஏ. (திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி), அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் இரண்டிலும் இதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. சேரும் முன் சுண்ணாம்பு வேலை நடக்கும் இடத்தில் சில மாதம் நில்லுங்கள். சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் எதற்கு, அது எப்போது பதமாகிறது என்பதெல்லாம் கொத்தனாரிடம் கற்க வேண்டியவை. பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசவே கூடாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. உப்பு சேர்ந்து செங்கல் பொடிந்துவிடும்.

கேள்வி: சட்டம் படித்தவருக்கு இந்தத் துறையில் வேலை இருக்கிறதா?

பதில்: நிச்சயம் இருக்கிறது. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வேண்டும் என்கிறது 2010-இல் வந்த சட்டத் திருத்தம். அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத வீடுகளும் தெருக்களும்தான் சத்தமில்லாமல் இடிபடுகின்றன. 2012-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நான் வரலாறு எம்.ஏ.

பதில்: தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்பைப் பாருங்கள்.

கேள்வி: செட்டிநாட்டு வீட்டின் மாடி ஒழுகுகிறது. சிமென்ட் தளம் போடலாமா?

பதில்: வேண்டாம். காரணத்தை முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: கோயில் திருப்பணிகளைக் குறை சொல்கிறீர்களே, கோயில் என்ன மியூசியமா? கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணி செய்யாமல் எப்படி?

பதில்: திருப்பணி செய்யத்தான் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் மத்திய தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. பூஜையும் நடக்கிறது, 2020-இல் குடமுழுக்கும் நடந்தது. வழிபாடும் பாதுகாப்பும் ஒன்றாகப் போகும். நான் எதிர்ப்பது மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்வதை. கல்லின் மேல்தோல் உரிந்து கல்வெட்டு எழுத்து மழுங்கினால், ஆயிரம் வருடச் செய்தி போய்விடும். எந்தக் குடமுழுக்கும் அதைத் திருப்பித் தராது.

கேள்வி: அப்போ ஸ்தபதிகளுக்கு ஒன்றும் தெரியாதா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக் கல்லூரியில் முறையாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். குறுகிய கெடு வைத்து, குறைந்த தொகைக்கு டெண்டர் விட்டால் நல்ல ஸ்தபதியும் என்ன செய்வார்? கொள்கையில் மாற்ற வேண்டியது அதைத்தான். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் மதிப்பீட்டுப் பட்டியல் எழுதப் பழகுங்கள். சுண்ணாம்பு ஊறவும் காயவும் ஆகும் காலத்தை அதில் சேர்த்தால்தான் வேலை உருப்படும்.

கேள்வி: புதுச்சேரி வீட்டுச் சுவரில் வெடிப்பு. சிமென்ட் பால் ஊற்றலாமா?

பதில்: கூடாது, கூடாது. வெடிப்பு ஏன் வந்தது என்று முதலில் பாருங்கள்: அரச மர வேரா, அஸ்திவாரம் இறங்கியதா, உத்தரம் இற்றதா?