வீடு விற்கும்போது கடைசி நேரத்தில் முளைக்கும் சட்டச் சிக்கல்கள்: டர்பன் (தென்னாப்பிரிக்கா) கேள்வி பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): வணக்கம் அண்ணா. வீடு இன்னும் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அம்மாவுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதை வைத்து அம்மா விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். சொத்து மாற்றத்தைப் பதிவுசெய்யும் வழக்கறிஞரான கன்வேயன்சர் செல்லாது என்கிறார்.

பதில்: அவர் சொல்வது சரி தம்பி. பவர் கொடுத்தவர் இறந்ததுமே அது செல்லாமல் போய்விடும். இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் அலுவலகம், சொத்தை நிர்வகிக்கும் எக்சிக்யூட்டரை நியமித்த பிறகு அவர்தான் விற்க முடியும். மொத்தச் சொத்து 250,000 ரேண்டுக்குள் இருந்தால் எளிய அதிகாரக் கடிதமே போதும். வீடு என்று வந்தால் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும்.

இறப்புச் சான்றிதழ், உயில் இருந்தால் அதன் அசல், சொத்துப் பட்டியல், வாரிசுகளின் விவரம் எல்லாவற்றையும் உடனே கொடுங்கள். நியமனம் வந்ததும் எக்சிக்யூட்டர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், பழையதைத் தொடர முடியாது. வாரிசுகள் எல்லோரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். டீட்ஸ் ஆபீசுக்கு (சொத்துப் பதிவு அலுவலகம்) போகும் பத்திரத்தில் ஆட்சேபம் இல்லை என்ற மாஸ்டரின் மேலெழுத்தும் வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும் என்பதை வாங்குபவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அவசரத்தில் சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். குடியேறியவரை வெளியேற்ற 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு தேவை.

கேள்வி (அதே வீட்டார்): அம்மா அப்பாவுக்குத் தமிழ் முறைப்படிதான் கல்யாணம், பதிவு செய்யவில்லை. அம்மாவுக்குப் பங்கு உண்டா?

பதில்: உண்டு. உயில் இல்லாமல் இறந்தவருடைய வாரிசு விஷயத்தில், இந்து முறைப்படி ஒருதார மணம் செய்த மனைவியும் மனைவியே என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கல்யாணத்தை நேரில் கண்டவர்களிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கி வையுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): நகராட்சி எட்டு வருடத்து ரேட்ஸ் (சொத்து வரி), தண்ணீர் பாக்கி முழுவதையும் கட்டினால்தான் வீட்டை மாற்றத் தேவையான கிளியரன்ஸ் சான்றிதழ் என்கிறது.

பதில்: முழுவதையும் கட்டத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டு நகராட்சி அமைப்புகள் சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி, விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டு பாக்கியைக் கட்டினால் சான்றிதழ் தந்தாக வேண்டும். பழைய பாக்கி உங்கள் மீது கடனாக நிற்கும், அதற்காக உங்களிடம் வழக்குப் போடலாம். ஆனால் புதிய உரிமையாளர் தலையில் அது விழாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. கணினியில் முழுத் தொகை வருவது வழக்கம். ஆகவே 118(1)இன்படியான தொகையை மட்டும் தரும்படி கன்வேயன்சர் எழுத்தில் கேட்கட்டும்.

சான்றிதழுக்கு 60 நாள்தான் ஆயுள், பதிவு நடக்கும் நாளில் அது காலாவதியாகியிருக்கக் கூடாது. வாங்குபவரின் வங்கி தாமதித்தால் மறுபடி பணம் கட்டிப் புதியது வாங்க நேரும். இந்த இடத்தில்தான் பல விற்பனைகள் இழுபடுகின்றன. ஆகவே மற்றக் காகிதங்கள் கைக்கு வரும் நேரத்தைக் கணக்கிட்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி (டொங்காட்): பின்பக்கம் கட்டிய அறைக்கு அங்கீகரித்த பிளான் இல்லை. இதை மறைத்து விற்கலாமா?

பதில்: கூடாது. டீட்ஸ் ஆபீஸ் பிளானைப் பார்ப்பதில்லை, அதனால் பதிவு நிற்காது. ஆனால் ஏஜென்ட் மூலம் விற்றால், 2022 பிப்ரவரி 1 முதல் குறைகளைச் சொல்லும் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டாக வேண்டும். அனுமதியில்லாத கட்டடத்தை வெளியே தெரியாத குறையாகக் கருதி, 'உள்ளது உள்ளபடியே விற்கிறேன்' என்ற 'வூட்ஸ்டூட்ஸ்' விதி அதையும் உள்ளடக்கும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் கூறியது. ஆனால் தெரிந்தே மறைத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நேர்மையான வழி இரண்டு: கட்டியபடியே பிளான் வரைந்து அனுமதி கேளுங்கள், அல்லது விலையைக் குறைத்து இருவரும் கையெழுத்திட்ட கூடுதல் ஒப்பந்தம் எழுதுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

கேள்வி: வீடு வாங்கியபோது கிடைத்த மின்சாரச் சான்றிதழ் இருக்கிறதே?

பதில்: இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதானால் புதியது வேண்டும். இடையில் சோலார் போன்ற வேலை செய்திருந்தால் அதற்குத் தனிச் சான்று. கரையான், வண்டுச் சான்று இந்தக் கரையோர வழக்கம்தான், சட்டக் கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

கேள்வி: வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. வங்கி அபராதம் கேட்கிறது.

பதில்: கடனை ரத்துசெய்ய 90 நாள் முன்னறிவிப்பு தராததால்தான் அது. வீட்டை விற்க முடிவெடுத்த அன்றே கடிதம் கொடுத்துவிட வேண்டும். இப்போதாவது கொடுங்கள், அதன் பிறகு பதிவு வரை கழியும் ஒவ்வொரு நாளும் அபராதத்தைக் குறைக்கும்.

கேள்வி (மாரிட்ஸ்பர்க்): கூட்டு உரிமையாளரான அண்ணன் லண்டனில் இருக்கிறார்.

பதில்: அவர் அங்கே நோட்டரி முன் பவரில் கையெழுத்திட்டால் போதும். பிரிட்டனுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் உறுதிச் சான்று) தேவையில்லை, ஆஸ்திரேலியா என்றால் வேண்டும். அவர் இங்கே வரி வசிப்பாளர் இல்லை, விலையும் 20 லட்சம் ரேண்டுக்கு மேல் என்றால், அவர் பங்கிலிருந்து 7.5% பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரின் கடமை. குறைத்துப் பிடிக்க வரித்துறையிடம் உத்தரவு கேட்கலாம், ஆனால் பணம் கைமாறுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.