பாக்ட்ரிஸ் முட்பனைகள்: கேள்வி பதில்

பாக்ட்ரிஸ் என்பது ஒரு மரத்தின் பெயரா? (தாவரவியல் மாணவி)

அது ஒரு பேரினத்தின் பெயர். மெக்சிகோ, கரீபியன் தீவுகள் தொடங்கிப் பராகுவே வரை பரவியுள்ள 75-க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். காட்டின் நிழலில் இடுப்பளவே வளரும் புதர்களும் உண்டு, 20 மீட்டர் உயரும் மரங்களும் உண்டு. கைத்தடியைக் குறிக்கும் ‘பாக்ட்ரோன்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பிறந்தது. சில இனங்களின் மெல்லிய, உறுதியான தண்டில் கைத்தடி செய்தார்கள். கொலம்பியாவின் கரீபியன் கரையில் புளிப்புச் சாற்றுக்காக விற்கப்படும் கொரோசோ பழமும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. அந்த மரத்தின் அறிவியல் பெயரில் ஆப்பிரிக்காவின் கினி நாடு இடம்பெற்றிருப்பது பெயரிட்டவர்களின் பிழை.

இத்தனை முள்ளுள்ள மரத்தில் ஏறிக் குலையை எப்படி வெட்டுகிறார்கள்?

பலராலும் பயிரிடப்படும் காசிபாயெஸ் இனத்தையே கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். கோஸ்டாரிகாவில் பெஹிபாயே, கொலம்பியாவில் சோன்டாதூரோ, பிரேசிலில் புபூன்யா எனப்படுவது இதுதான். அதன் தண்டைக் கிட்டே நின்று பார்த்தால், மட்டை விழுந்த தழும்பு வழவழப்பான வளையமாகவும், அடுத்த தழும்பு வரையுள்ள பகுதி கறுத்த ஊசிகள் நெருங்கிய பட்டையாகவும் மாறிமாறித் தெரியும். பெரும்பாலும் நீண்ட கழியில் கத்தி கட்டிக் கீழிருந்தே அறுப்பார்கள். கொலம்பியாவின் பசிபிக் கரையோரத்தில் தண்டைச் சுற்றி இரு முக்கோண மரச்சட்டங்களைக் கட்டி, ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை மேலே நகர்த்தி, முள்ளில் உடல் படாமல் ஏறுகிறார்கள். பெருவின் யூரிமாகுவாஸ் பகுதியில் மக்கள் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய முள்ளற்ற வகைகளும் இருக்கின்றன. புதிதாகத் தோட்டம் போடுபவருக்கு அவையே உகந்தவை என்பது என் கருத்து.

பழத்தைப் பச்சையாகத் தின்னலாமா?

கூடாது. சேனைக்கிழங்கு நாக்கை அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இதிலும் உள்ளன. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் உண்டு. உப்பு நீரில் அரைமணி முதல் ஒருமணி நேரம் வேகவைத்த பிறகு, மாவும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்த சதை கிடைக்கும். கொலம்பியாவின் காலி நகரத் தெருக்களில் அதற்கு உப்பும் தேனும் தொட்டுக்கொள்கிறார்கள்.

இது காட்டு மரமா, மனிதர் வளர்த்தெடுத்ததா?

காட்டு மரத்தின் பழம் சில கிராம்தான் இருக்கும். மேற்கு அமேசானின் சில நாட்டு வகைகளில் ஒரு பழமே 70 கிராமைத் தாண்டும். அமெரிக்க வெப்பமண்டலப் பனைகளில் முழுமையாகப் பயிராக மாறியது இது ஒன்றே என்பார்கள். ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பழங்குடி மக்கள் விதை தேர்ந்து செய்த வேலை அது. ஜெர்மன் தாவரவியலாளர் குந்த் 1816-இல் அறிவியல் பெயர் சூட்டியது அதன் பின்கதை மட்டுமே.

உணவாகும் குருத்துக்காக மரத்தை வெட்டினால் தோட்டம் அழிந்துவிடாதா?

பிரேசிலின் அட்லாண்டிக் காடுகளில் உள்ள ஜுசாரா பனை ஒற்றைத் தண்டு மரம். குருத்தை எடுத்தால் செத்துவிடும். பெஹிபாயே அடியில் பக்கக் கன்றுகளை விடுவதால், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் முதல் வெட்டு முடிந்ததும் அடுத்த தண்டு அதே தூரிலிருந்து எழுகிறது.

பாளை விரிந்த மறுநாள் மாலை பூக்கள் மழைபோல் கொட்டிவிட்டன, நோயா? (கோஸ்டாரிகாவில் பணிபுரியும் வாசகர்)

நோயன்று. மாலையில் பாளை வெடித்தவுடன் பெண்பூக்கள் மகரந்தம் ஏற்கத் தயாராகின்றன. வேறு மரத்தின் மகரந்தத்தைச் சுமந்த சிறு கூன்வண்டுகள் வந்து ஒருநாள் தங்குகின்றன. மறுநாள் மாலை ஆண்பூக்கள் மலர்ந்து, வண்டுகளின் மேல் மகரந்தத்தைத் தூவிவிட்டு உதிர்கின்றன. வண்டுகள் அடுத்த பாளையைத் தேடிப் பறக்கின்றன. நீங்கள் தரையில் கண்டவை வேலை முடித்த ஆண்பூக்களே. குலையில் பச்சைக் காம்போடு ஒட்டியிருப்பவை பெண்பூக்கள். அவை பழமாக மூன்று நான்கு மாதங்கள் ஆகும்.